டர்பன் துறைமுகத்தில் கானாங்கெளுத்தி: எப்போது தேடுவது, எப்படி வரவழைப்பது

தூத்துக்குடியிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பது இது: “வார இறுதியில் துறைமுக வாய்ப் பக்கம் தூண்டில் போடுகிறேன். பக்கத்தில் நிற்கும் பெரியவரின் வாளி கானாங்கெளுத்தியால் நிரம்புகிறது. அவர் வைத்திருப்பதும் மத்தி இரைதான், நான் வைத்திருப்பதும் மத்தி இரைதான். அவரைவிட நான் தூரமாக வீசுகிறேன், ஆனால் ஒன்றும் மாட்டுவதில்லை. மீன் எங்கே நிற்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நம் பக்கம் வரவழைக்க என்ன போட வேண்டும்? டிசம்பரில் கேப் டவுன் போகிறேன், அங்கேயும் கிடைக்குமா?”

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பாதி பதில் இருக்கிறது. நீங்கள் தூரத்தைப் பார்க்கிறீர்கள், அந்தப் பெரியவர் ஆழத்தைப் பார்க்கிறார். இன்னொன்றும் உண்டு. கானாங்கெளுத்தி ஓரிடத்தில் நிற்கும் மீன் இல்லை. பாறை இடுக்கில் குடியிருக்கும் களவாயைத் தேடுகிற மாதிரி இதைத் தேட முடியாது. வாயைத் திறந்துகொண்டு ஓடினால்தான் அதன் செவுளுக்குத் தேவையான தண்ணீர் கிடைக்கும். அதனால் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டமாக வரும், கொஞ்ச நேரம் சுற்றும், போய்விடும். இடத்தைவிட நேரத்தைத்தான் தேட வேண்டும். வந்த கூட்டத்தைப் பிடித்து நிறுத்துவது அதற்கு அடுத்த வேலை. அந்தப் பெரியவரின் காலடியில் மூடி போட்ட இன்னொரு வாளி இருந்திருக்குமே, பார்த்தீர்களா? சங்கதி அதில்தான் இருக்கிறது.

முதலில் எந்த மீன் என்று பார்த்துவிடுவோம். டர்பனில் ‘மேக்ரல்’ என்று சொல்லிப் பிடிப்பதில் பல மீன் கலந்திருக்கும். முதுகில் நெளிநெளியாகக் கோடுகள், பக்கவாட்டில் மங்கிய புள்ளிகள், இரண்டு முதுகுத் துடுப்புக்கும் நடுவே நல்ல இடைவெளி, வாலுக்கு முன்னால் குட்டிக் குட்டித் துடுப்புகள் இருந்தால் அது குளிர் நீர்க் கானாங்கெளுத்தி. குளிர்காலத்தில் இங்கே வருவது பெரும்பாலும் இதுதான். உங்கள் ஊரில் அயிலை என்றும் கும்பளா என்றும் சொல்லும் அகலமான உடம்புக்காரன் வேறு. அதன் வாயைத் திறந்து பார்த்தால் செவுள் முட்கள் இறகு இறகாகத் தெரியும். வெதுவெதுப்பான நீர் மீன் அது, டர்பன் இருக்கும் இந்த நேட்டால் கரை அதற்குக் கிட்டத்தட்ட எல்லை. மூன்றாவது மாஸ்பேங்கர். கையில் பிடித்ததும் தெரிந்துவிடும், பக்கவாட்டுக் கோட்டில் வால் வரை கடினமான செதில் வரிசை ரம்பம் போல விரலைக் கீறும். கூடவே பெருங்கண்ணுள்ள சிறு பாறை மீன் வகைகளும் வரும். நல்ல வேளையாக, இவை எல்லாவற்றுக்கும் பிடிக்கும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். அயிலைக்கு மட்டும் எல்லாம் இன்னும் சின்னதாக இருக்க வேண்டும். தூண்டில் முள்ளும் சின்னது, தண்ணீரில் தூவும் தீனியும் பொடி. அது தண்ணீரை வடிகட்டி மிதவை உயிர்களைத் தின்கிற மீன், பெரிய துண்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

காலம் என்று பார்த்தால் இங்கே குளிர்காலமான மே முதல் ஜூலை வரை. அப்போதுதான் கேப் பக்கமிருந்து மத்திக் கூட்டம் கரையோரமாக வடகிழக்கே ஏறி வருகிறது. அகுல்ஹாஸ் நீரோட்டம் வெந்நீர் மாதிரி எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்க, அதற்கும் கரைக்கும் இடையில் குளிர்ந்த நீர் ஒரு பட்டையாகக் கிடைக்கும் காலம் அது. மத்தி அந்தப் பட்டையில் வரும். மத்தியோடு கானாங்கெளுத்தியும் மாஸ்பேங்கரும் கலந்து வரும். டர்பனுக்குத் தெற்கே சவுத் கோஸ்ட் கரையில் மத்தி வலை இழுத்தார்கள் என்ற செய்தி காதில் விழுந்ததும் ராடைத் துடைத்து வைத்துக்கொள்ளலாம். மற்ற மாதங்களில் கிடைக்கவே கிடைக்காது என்பதில்லை, ஆனால் அப்போது இரவு விளக்கடியில் பெருங்கண்ணனைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். புரட்டாசியில் நம்மவர்கள் பாதிப் பேர் தூண்டிலைத் தொடுவதில்லை என்பதையும் ஓராண்டில் கவனித்திருப்பீர்கள். நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் அந்த மாதம் மீன் கடைக்காரர்களுக்கே ஓய்வு மாதிரி. சுவரில் இடம் தாராளமாகக் கிடைக்கும், நோன்பு இல்லையென்றால் போகலாம்.

துறைமுகத்துக்குள் எங்கே என்று கேட்டீர்கள். டர்பன் துறைமுகத்துக்கு ஒரே வாய். வடக்கே பாயிண்ட் பக்கத்துச் சுவர், தெற்கே பிளஃப் மலைப் பக்கத்துச் சுவர். 2010இல் முடிந்த வேலையில் அந்த வாயைச் சுமார் 120 மீட்டரிலிருந்து 220 மீட்டர் அளவுக்கு அகலமாக்கி ஆழப்படுத்திவிட்டார்கள். குடாவுக்குள் போகும் தண்ணீரும் வெளியே வரும் தண்ணீரும் அந்த வாய் வழியாகத்தான் போக வேண்டும். கானாங்கெளுத்தி வெளிக்கடல் மீன். தெளிந்த உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும்போது அதோடு ஏறும், வற்றும்போது குடாவின் கலங்கல் வெளியே வந்தால் அதற்கு முன்னாலேயே போய்விடும். ஆகவே உள்ளே மேடன் வார்ஃப் பக்கத்து மூலைகளில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். உம்பிலோ, உம்லதுசானா ஆறுகள் கால்வாயாக வந்து விழும் பக்கம் அது. மழை பெய்தால் பழுப்புத் தண்ணீரும் குப்பையும்தான். வாயை ஒட்டிய முதல் பகுதிதான் நமக்கு.

அந்தப் பகுதியிலும் சுவர் நெடுக ஒரே மாதிரி இருக்காது. சுவர் திரும்பும் மூலை, கல் நீட்டிக்கொண்டிருக்கும் முனை, தூண்கள் வரிசையாக நிற்கும் இடம், இங்கெல்லாம் நீவாடு, அதாவது நீரோட்டம், மோதிப் பின்பக்கம் சுழலும். ஓடும் தண்ணீருக்கும் சுழலும் தண்ணீருக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். நுரை, இலை, பிளாஸ்டிக் எல்லாம் அந்தக் கோட்டில் சேர்ந்து நிற்கும். குப்பை சேரும் இடத்தில் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் சேரும், அதைத் தேடிக் கானாங்கெளுத்தி வரும். தூண்டிலை எடுக்கும் முன் பத்து நிமிடம் சும்மா நின்று அந்தக் கோடு எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். ஆலாப் பறவைகள் ஒரே இடத்தில் தாழ்ந்து தாழ்ந்து எழுந்தால் அங்கே கீழே யாரோ சின்ன மீனை மேலே துரத்துகிறார்கள் என்று அர்த்தம். தண்ணீர் மேல் மழை விழுந்தாற்போல ஒரு திட்டு மட்டும் சிலிர்க்கும், மற்ற இடம் அமைதியாக இருக்கும். அந்தத் திட்டு நகரும் திசையைப் பாருங்கள், நகரும் வேகம் கானாங்கெளுத்தி என்று காட்டிக்கொடுத்துவிடும். மடவைக் கூட்டம் இவ்வளவு அவசரமாக ஓடாது.

சுவரில் எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்பதைப் போகும் முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். 2004 ஜூலையில் உலகத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பாதுகாப்பு விதி வந்த பிறகு, கப்பல்கள் வந்து நிற்கும் தளங்களுக்குள் தூண்டிலோடு நுழைய முடியாது. நம் பழைய ஆட்களுக்கு இது ஆறாத வருத்தம். கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்த குடும்பங்கள் சில இந்தக் குடாவில் சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டு, வலை இழுத்து, மீனை உப்பிட்டுக் காயவைத்துப் பிழைத்தவை. போர்க்காலத்தில் அது கடற்படைத் தளமானது, 1961இல் இந்தியர்களுக்கான பல்கலைக்கழகக் கல்லூரியை அங்கே திறந்தார்கள், இன்று அந்தப் பக்கம் கொள்கலன் முனையம். இப்போதும் சுவரில் நிற்கும் கிழவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், தமிழ் பாதி ஆங்கிலம் பாதியாக, எந்தத் தூணடியில் எந்த மாதம் எந்த மீன் என்று ஒப்பிப்பார்கள். அவர்களுக்கு ஒரு ஃப்ளாஸ்க் டீயும் நாலு சில்லி பைட்ஸும் (இங்கே பஜ்ஜிக்குப் பெயர்) வாங்கிக்கொடுங்கள், என் பதிலைவிட அது பயன்படும்.

நேரத்துக்கு வருவோம். இரண்டு விஷயம் ஒன்றாகச் சேர வேண்டும்: மங்கின வெளிச்சம், ஏறும் தண்ணீர். வெயில் உச்சிக்குப் போனால் கூட்டம் ஆழத்துக்கு இறங்கிவிடும். விடியலிலும் பொழுது சாயும்போதும் மேலே வரும். ஏற்றத்தின் கடைசி இரண்டு மணி நேரத்தில் வாய்க்குள் தெளிந்த தண்ணீர் நிறைந்திருக்கும். இந்த இரண்டும் சேரும் நாளைப் பஞ்சாங்கத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். டர்பனில் அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் தண்ணீர் உச்சத்துக்கு ஏறுவது ஏறத்தாழ விடிகாலை 4 மணிக்கும் மாலை 4 மணிக்கும். ஒவ்வொரு நாளும் அது சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஆக, திருதியை, சதுர்த்தி வாக்கில் உச்சம் காலை ஆறரை ஏழுக்கு வந்து நிற்கும். ஜூன் மாதத்தில் இங்கே சூரியன் உதிப்பதும் ஏழு மணிக்குச் சற்று முன்னால்தான். இருட்டோடு போய்த் தீனியைக் கலந்து வைத்துக்கொண்டு நின்றால், வெளிச்சமும் தண்ணீரும் சேர்ந்தே ஏறும். வீட்டில் மாட்டியிருக்கும் கோயில் காலண்டரில் சதுர்த்திக்கு வட்டம் போட்டு வையுங்கள். நிறைய பேர் அமாவாசையன்றே விடியலில் போய், வற்றத்தில் கிடைக்கும் குப்பையை இழுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்.

இரவில் போனால் கணக்கு மாறும். விளக்குக் கம்பத்தின் வெளிச்சம் தண்ணீரில் விழுகிற இடத்தில் மிதவை உயிர்கள் கூடும், அதைத் தின்ன சின்ன மீன் கூடும். அமாவாசை இருட்டில் இது நன்றாக நடக்கும், நிலா காய்ந்தால் விளக்குக்கு மதிப்பில்லை. வெளிச்ச வட்டத்தின் நடுவில் போடாதீர்கள், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஓரத்தில் இறக்குங்கள். மீன் இருட்டில் நின்றுகொண்டு வெளிச்சத்துக்குள் பாய்ந்து எடுக்கும். தலையில் கட்டிய டார்ச்சைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பித் திருப்பி அடிப்பதை மட்டும் நிறுத்திவிடுங்கள். நிலையான வெளிச்சத்துக்கு மீன் பழகும், திடீர் வெளிச்சத்துக்கு ஓடும்.

இனி அந்த மூடி போட்ட வாளி. அதில் இருப்பது மீனை வரவழைக்கத் தண்ணீரில் தூவும் கலவை. இங்கே இதைச் ‘சம்’ என்பார்கள், நான் தீனி என்றே எழுதுகிறேன். இரை விற்கும் கடையில் உறைந்த மத்திப் பொட்டலம் கிடைக்கும். கால்வாசியை முள்ளில் வைக்க எடுத்து வைத்துவிட்டு, மீதியைத் தலை, குடல், செதில் எதையும் எறியாமல் வாளியில் போட்டுத் தடிக் கட்டையால் நன்றாக இடியுங்கள். பாதி உறைந்த பதத்தில் இடித்தால் பொடியாக உதிரும், முழுக்க இளகிவிட்டால் நாராக இழுக்கும். அதோடு பழைய வெள்ளை ரொட்டி ஒன்று இரண்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சேருங்கள். ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் பன்னி சோவ் கடைக்காரரிடம் கேட்டால் மீந்த ரொட்டி சும்மாவே தருவார். அப்புறம் ஒரு கை தவிடு அல்லது சோள மாவு, கொஞ்சம் மீன் எண்ணெய், இரண்டு கை கடல் மணல். கடல் தண்ணீர் விட்டுக் கரைத்துக் கூழ் பதத்துக்குக் கொண்டுவந்தால் வேலை முடிந்தது.

ஒவ்வொன்றும் எதற்கு என்று தெரிந்தால் அளவை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். ரொட்டி மெதுவாக மிதந்து இறங்கி வெள்ளை மேகம் மாதிரி பரவும், தூரத்து மீனின் கண்ணுக்கு அதுதான் தெரியும். மத்திச் செதில் மினுக்கும். எண்ணெய் மேலே பரவி நாற்றத்தை நீவாட்டோடு கொண்டுபோகும். மணல் எல்லாவற்றையும் கீழே இழுத்துக்கொண்டு போகும். நீவாடு வேகமாக இருந்தால் மணலைக் கூட்டுங்கள், இல்லையென்றால் தீனி முழுவதும் மேற்பரப்பிலேயே அடித்துக்கொண்டு போய் நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் புண்ணியம் சேர்க்கும். தண்ணீர் சும்மா நிற்கும்போது ரொட்டியைக் கூட்டி மணலைக் குறையுங்கள்.

போடும் விதத்தில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். வந்ததும் நாலு கரண்டி அள்ளிக் கொட்டுவார்கள், பிறகு அரை மணி நேரம் மறந்துவிடுவார்கள். கொட்டியதை மீன் தின்று வயிற்றை நிரப்பிக்கொண்டு போய்விடும். நீங்கள் மீனுக்குச் சோறு போடவில்லை, சமையல் வாசத்தை மட்டும் காட்டுகிறீர்கள். ஒரு மேசைக்கரண்டி அளவு போடுங்கள், அது கண்ணுக்கு மறையும் நேரத்தில் அடுத்த கரண்டி. இடைவெளி விடாமல், ஆனால் கொஞ்சமாக. அந்த வெள்ளைக் கோடு அறுந்தால் கூட்டம் அதே ஓட்டத்தில் உங்களைத் தாண்டிப் போய்விடும். இருவராகப் போனால் ஒருவர் தீனி, ஒருவர் தூண்டில் என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். தனியாகப் போனால் ஆரஞ்சு விற்கும் வலைப் பையில் கலவையைப் போட்டு, உள்ளே ஒரு கல்லும் வைத்து, கயிற்றில் கட்டிச் சுவரோரம் இறக்கிவிடுங்கள். அவ்வப்போது கயிற்றை உதறினால் பை தானே தீனியைச் சிந்தும். பை எந்த ஆழத்தில் தொங்குகிறதோ அந்த ஆழத்துக்கு மீன் வரும், இது முக்கியம். முதலில் நடுத் தண்ணீரில் தொங்கவிடுங்கள்.

தீனிக்கு முதலில் வருவது கானாங்கெளுத்தி இல்லை. சுவரோரத்துக் குட்டி மீன்கள், கரண்டீன், கருவால் குஞ்சுகள் எல்லாம் வந்து மொய்க்கும். அவற்றைப் பார்த்துச் சலித்துக்கொள்ள வேண்டாம், அவை மொய்க்கும் சலசலப்பே ஒரு அழைப்புதான். அவை திடீரென்று கலைந்து சுவரோடு ஒட்டிக்கொண்டால் தயாராகுங்கள், கீழே வேகமான யாரோ வந்துவிட்டார்கள். போலரைஸ்டு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் பச்சைநீல முதுகுகள் தீனிக் கோட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போவது தெரியும். அரை மணி நேரம் ஒழுங்காகத் தீனி போட்டும் இது நடக்கவில்லையென்றால், நீவாட்டின் மேல்பக்கமாகக் கொஞ்ச தூரம் நகர்ந்து திரும்ப ஆரம்பியுங்கள். ஒரே இடத்தில் பிடிவாதமாக நின்று பயனில்லை.

சரி, தூண்டில். ஆறு சின்ன முள்ளும் ஒவ்வொன்றிலும் மீன் தோலோ இறகோ கட்டிய சபிக்கி மாலை, இங்கே கடையில் யோசூரி என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். தொழிற்சாலை மாலை அப்படியே போடுவதற்கு அழகாக இருக்கும். காற்றடிக்கும் சுவர் மேல் ஆறு மீன் ஒரே நேரத்தில் துள்ளினால், சிக்கெடுப்பதற்குள் கூட்டம் போய்விடும். நடுவில் வெட்டி இரண்டு மாலையாக்கிக்கொள்ளுங்கள். மூன்று முள் போதும். ஒரு தூண்டில் நரம்பில் பத்து முள்ளுக்கு மேல் கூடாது என்பது சட்டம், மூன்றோடு நின்றால் அந்தக் கவலையும் இல்லை. அடியில் ஈயக் குண்டுக்குப் பதிலாக அதே எடையில் பளபளக்கும் ஸ்பூன் ஒன்றைக் கட்டுவது என் வழக்கம். இறங்கும்போது அது மினுக்குவதைப் பார்த்து மீன் திரும்பும், சில சமயம் அதன் முள்ளிலேயே பெரியது மாட்டும். சபிக்கி முள்ளில் மத்தி வைப்பதானால் தீக்குச்சி அகலத்துக்கு மேல் வேண்டாம். தோலோடு மெல்லிசாக வெட்டி, ஒரு நுனியை மட்டும் குத்தி மீதி ஆடும்படி விடுங்கள். உங்கள் முள்ளில் பாதி மத்தி தொங்குகிறது என்று நினைக்கிறேன், கானாங்கெளுத்தியின் வாய்க்கு அது ரொம்பப் பெரிசு.

ராட் நீளமாக இருக்க வேண்டியதில்லை. கடற்கரையில் ஸ்கார்பரோ ரீலோடு நம்மவர்கள் வீசும் நீண்ட கம்பு இங்கே வேண்டாம். ஆறேழு அடி லேசான ராட், நாலைந்து கிலோ தாங்கும் நரம்பு போதும். வீசவே வேண்டாம், தீனி மேகத்துக்குள் நேரே கீழே இறக்குங்கள். இறக்கும்போது எண்ணுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்து எண்ணிக்கையில் நிறுத்தி, ராட் நுனியை மெதுவாக ஓரடி தூக்கி இறக்குங்கள். ஒன்றும் இல்லையா, எட்டு எண்ணிக்கை. அதுவும் இல்லையா, பன்னிரண்டு. எந்த எண்ணில் கடித்ததோ அதை நினைவில் வைத்து அடுத்த முறை அதே எண்ணில் நிறுத்துங்கள். கூட்டம் முழுவதும் அந்த ஒரு மட்டத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நின்ற பெரியவர் உதடு அசைத்தது சாமி நாமம் சொன்னதாக நீங்கள் நினைத்திருக்கலாம், அவர் எண்ணிக்கொண்டிருந்திருப்பார்.

கடி பெரும்பாலும் இறங்கும்போதே நடக்கும். அது உங்களுக்குத் தெரியாமல் போவதற்குக் காரணம், நீங்கள் வெடுக்கென்று இழுப்பதை எதிர்பார்ப்பதுதான். கானாங்கெளுத்தி இரையை எடுத்துக்கொண்டு மேல்நோக்கி ஓடும். அப்போது குண்டின் எடை காணாமல் போகும், விறைப்பாக இருந்த நரம்பு தொய்ந்துவிடும். எண்ணிக்கொண்டிருக்கும்போது ஐந்தில் விழ வேண்டிய தூண்டில் மூன்றிலேயே நின்றுவிட்டால் மீன் எடுத்துவிட்டது என்று அர்த்தம், உடனே ரீலைச் சுற்றுங்கள். ஓங்கி வெட்டி இழுக்காதீர்கள், வாய் மெல்லிசு, கிழிந்துவிடும். முதல் மீன் மாட்டியதும் அவசரப்படாமல் சில விநாடி அப்படியே வைத்திருந்தால் அதன் துடிப்பைப் பார்த்து மற்ற முள்களிலும் மாட்டும். உயரமான சுவரில் தூக்கும்போது நடுவில் நிறுத்தாமல் ஒரே இழுப்பாகத் தூக்க வேண்டும். நிறுத்தினால் உதறும், உதறினால் தண்ணீரில்தான்.

கூட்டம் கடித்துக்கொண்டிருந்து சட்டென்று நின்றுவிட்டதா? பெரிய யாரோ வந்திருக்கலாம். மாலையின் நரம்பு கத்தி வைத்ததுபோல் அறுந்து வந்தால் அது ஷாட் என்ற வேட்டை மீன். அதன் பல் அப்படி. குளிர்காலத்தில் அதுவும் முட்டையிட நேட்டால் பக்கம் வரும் மீன், கானாங்கெளுத்தியின் பின்னாலேயே திரியும். அப்போது மாலையைக் கழற்றிவிட்டு, பிடித்ததில் ஒன்றைத் துண்டு போட்டு, கம்பி கட்டிய பெரிய முள்ளில் வைக்கலாம். ஆனால் ஷாட்டுக்கு 30 சென்டிமீட்டர் நீளம் இருக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு நாளில் நாலுதான், அக்டோபரும் நவம்பரும் முழுத் தடை. கேரிக் என்ற பெரிய மீன் வந்து மாட்டினால் 70 சென்டிமீட்டர், இரண்டு. பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு உரிமச் சீட்டு தபால் நிலையத்தில் கிடைக்கும், அது பையில் இருக்க வேண்டும். வீச்சு வலைக்குத் தனிச் சீட்டு. பொழுதுபோக்குச் சீட்டில் பிடித்ததை விற்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சும்மா கொடுக்கலாம். அளவுகளை அவ்வப்போது மாற்றுவார்கள், அந்த ஆண்டின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடித்த பிறகு நடப்பதில் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். வெறும் வாளியில் வெயிலில் கிடக்கும் கானாங்கெளுத்தியைச் சாப்பிடக் கூடாது. இந்த மீனின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் அதிகம். சூட்டில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அப்புறம் எவ்வளவு நேரம் கொதிக்கவைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. நாற்றத்திலும் காட்டாது. தின்ற சில நிமிடத்திலிருந்து ஓரிரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடித்துப்போகும். ‘எனக்கு மீன் ஒவ்வாமை’ என்று சொல்லித் திரியும் பலருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். மூச்சுத் திணறினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதனால் ஐஸ் பெட்டி இல்லாமல் போகாதீர்கள். வீட்டிலிருந்தே உப்புத் தண்ணீர் கொண்டுபோய் ஐஸோடு கலந்து வையுங்கள், மீனைத் தூக்கியதும் செவுளைக் கிள்ளி இரத்தத்தை வடித்துவிட்டு அதில் முக்குங்கள். வெறும் ஐஸ் கட்டிக்கு மேலே வைப்பதைவிட இது வேகமாகக் குளிர வைக்கும். துறைமுகத் தண்ணீரை இதற்கு மொள்ள வேண்டாம்.

துறைமுக மீனைத் தின்னலாமா என்பதும் தண்ணீரைப் பொறுத்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நகரத்தின் கழிவுநீர்க் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் சேதமாகி, கடற்கரைகளையே மூடும்படி ஆனது. அதுபோல் இல்லாவிட்டாலும், கனமழைக்குப் பிறகு பல நாட்கள் நான் அங்கே சாப்பாட்டுக்கு மீன் பிடிப்பதில்லை. ஏறும் தண்ணீர் நீலமாகத் தெளிந்து வரும் குளிர்கால நாட்களில் வாய்ப் பக்கத்தில் பிடித்ததை யோசிக்காமல் குழம்பு வைப்பேன். புளியைக் கொஞ்சம் தூக்கலாகக் கரைத்து, கத்தரிக்காய் போட்டு, டர்பன் மசாலாவோடு. உங்களுக்கு அது தூத்துக்குடிக் குழம்பு ஆகாது, இருந்தாலும் ஒரு தரம் செய்து பாருங்கள். மீந்த மீனை உப்பு தூவிப் பொட்டலமாக உறையவைத்தால் அடுத்த தடவை இரைக்கு ஆகும்.

கடைசியாகக் கேப் டவுன். அது உண்மையில் இந்த மீனின் சொந்த ஊர். ஃபால்ஸ் பே ஓரத்தில் கால்க் பே, சைமன்ஸ் டவுன், கார்டன்ஸ் பே துறைமுகங்களில் கானாங்கெளுத்தியும் மாஸ்பேங்கரும் உள்ளேயே வரும். மேலே சொன்ன தீனி, மூன்று முள் மாலை, எண்ணி இறக்குவது எல்லாம் அங்கேயும் அப்படியே செல்லும். அலையேற்ற நேரத்துக்கு மட்டும் அந்த ஊர் அட்டவணையைப் பாருங்கள். டிசம்பரில் தென்கிழக்குக் காற்று அடித்துக்கொண்டே இருக்கும், அதனால் காலையில் காற்று எழுவதற்கு முன் போய்விட வேண்டும். கால்க் பேயில் இன்னொரு தொல்லை, சீல் என்ற கடல்நாய். மீன் வெட்டும் மேசைகளுக்குக் கீழேயே படுத்துக் கிடக்கும், உங்கள் மாலையில் மீன் மாட்டியதும் வந்து பிடுங்கும். அது பக்கத்தில் இருக்கும்வரை தீனி போடாதீர்கள், படகு ஏதாவது வந்து மீன் இறக்க ஆரம்பித்தால் அங்கே போய்விடும், அப்போது ஆரம்பியுங்கள். அலை பெரிதாக இருக்கும் நாளில் கால்க் பே வெளிச்சுவரின் மேல் ஏறவே வேண்டாம். கலங்கரை விளக்கு நிற்கும் அந்தச் சுவரைத் தாண்டி அலை விழுந்து ஆட்களை அடித்துக்கொண்டு போயிருக்கிறது. உள்பக்கத்துப் படகுத் துறையில் நின்றாலே மாஸ்பேங்கர் கிடைக்கும்.